சோடியம் தன் எலக்ட்ரானை ஏன் விடுகிறது?

கேள்வி, சுருக்கமாக: "பிளஸ் ஒன் படிக்கிறேன். சோடியம் ஒரு எலக்ட்ரானைக் கொடுத்தால் வெளிக்கூட்டில் எட்டு ஆகிவிடும், குளோரின் அதை வாங்கினால் அதற்கும் எட்டு ஆகிவிடும், அதனால் இரண்டும் நிலையாகி உப்பு உண்டாகிறது என்று படித்தேன். எட்டு ஆனால் நிலைப்பு ஏன் வர வேண்டும்? சில அணுக்கள் கொடுத்து வாங்குவதும், சில பகிர்ந்துகொள்வதும் எதனால்? உப்பில் பிணைப்பு அவ்வளவு வலுவானது என்றால் தண்ணீரில் எப்படி இத்தனை சுலபமாகக் கரைகிறது?"

மூன்று கேள்விகளுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. அது ஆற்றல். அணுக்கள் தனித்தனியாக இருக்கும்போது உள்ள மொத்த ஆற்றலைவிடச் சேர்ந்தபின் ஆற்றல் குறைவாக இருந்தால், அவை சேர்ந்தே இருக்கும். அவ்வளவுதான். எட்டு என்ற எண்ணிக்கை பெரும்பாலும் அந்தக் கணக்கின் முடிவில் வந்து நிற்கிறது. அதை முன்னால் கொண்டுபோய்க் காரணமாக வைத்ததால்தான் உங்களுக்கு இந்தக் குழப்பம். அணுவுக்கு எண்ணத் தெரியாது, ஆசையும் கிடையாது.

சோடியத்தை எடுத்துக்கொள்வோம். "சோடியம் எலக்ட்ரானைக் கொடுக்க விரும்புகிறது" என்று வகுப்பில் சொல்வது வழக்கம். உண்மையில் சோடியம் அணுவிலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிரிக்க ஒரு மோலுக்கு 496 கிலோஜூல் செலவழித்தாக வேண்டும். (இனி வரும் எண்கள் எல்லாம் ஒரு மோலுக்கு இத்தனை கிலோஜூல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) சோடியம் தானாக எதையும் தந்துவிடுவதில்லை. அந்த எலக்ட்ரானைக் குளோரின் அணு ஏற்கும்போது ஆற்றல் வெளிவருகிறது, ஆனால் 349 மட்டும்தான். செலவு 496, வரவு 349. ஆக 147 நஷ்டம். தொலைவில் இருக்கும் ஒரு சோடியம் அணுவுக்கும் ஒரு குளோரின் அணுவுக்கும் இடையே எலக்ட்ரான் தானாகக் கைமாறாது. மாறினால் இரண்டுக்கும் எட்டு கிடைக்கும், ஆனாலும் மாறாது. எட்டுதான் காரணம் என்ற விளக்கம் இங்கேயே நின்றுபோகிறது.

அப்படியானால் உப்பு எப்படி உண்டாகிறது? எலக்ட்ரான் மாறியபின் கிடைப்பவை ஒரு நேர் அயனியும் ஓர் எதிர் அயனியும். அவை ஒன்றையொன்று ஈர்க்கும். நெருங்க நெருங்க ஆற்றல் குறையும். இரண்டும் சுமார் 945 பிகோமீட்டருக்குள் (ஒரு மீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் ஒரு பிகோமீட்டர்) வந்துவிட்டாலே அந்த ஈர்ப்பினால் கிடைப்பது 147ஐத் தாண்டிவிடுகிறது. அந்தத் தொலைவுக்குள் வந்தபின்தான் கைமாற்றம் லாபம்.

ஆனால் உப்பின் உண்மையான வரவு இரண்டே அயனிகளால் வருவதில்லை, படிகத்தால் வருகிறது. உப்புப் படிகத்தில் ஒரு சோடியம் அயனியைச் சுற்றி 282 பிகோமீட்டர் தொலைவில் ஆறு குளோரைடு அயனிகள் இருக்கின்றன. அடுத்த வட்டத்தில் பன்னிரண்டு சோடியம் அயனிகள் (அவை விலக்கும்), அதற்கடுத்து எட்டு குளோரைடு அயனிகள் (அவை ஈர்க்கும்), இப்படியே கூட்டிக் கழித்துக்கொண்டே போனால், ஒரே ஒரு ஜோடியின் ஈர்ப்பைப்போல 1.7476 மடங்கில் கணக்கு வந்து நிற்கிறது. மேடலங் மாறிலி என்பது இதுதான். எலக்ட்ரான் கூடுகள் ஒன்றோடொன்று முட்டும்போது வரும் விலக்கத்தைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது 787. இதைப் படிகக்கூடு ஆற்றல் என்கிறோம்.

இப்போது முழு வரவு செலவையும் போடலாம். திண்மச் சோடியத்தைத் தனி அணுக்களாக்க 107. குளோரின் மூலக்கூறை உடைத்து ஓர் அணுவை எடுக்க 122. எலக்ட்ரானைப் பிரிக்க 496. மொத்தச் செலவு 725. குளோரின் எலக்ட்ரானை ஏற்பதில் வருவது 349, படிகம் அமைவதில் வருவது 787, இரண்டும் சேர்ந்து 1,136. மீதம் 411. ஆய்வகத்தில் சோடியத்தைக் குளோரினில் எரித்து வெப்பத்தை அளந்தாலும் இதே 411 வருகிறது. 1919இல் மாக்ஸ் போர்ன், ஃபிரிட்ஸ் ஹேபர் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் வகுத்த இந்தக் கணக்கு முறையைத்தான் போர்ன்–ஹேபர் சுற்று என்று படிக்கிறீர்கள். பல மாணவர்கள் இதை மதிப்பெண்ணுக்கான ஒரு கணக்காக மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அயனிப் பிணைப்பு ஏன் உண்டாகிறது என்ற கேள்விக்குப் பாடத்தில் இருக்கும் ஒரே நேரடியான பதில் அதுதான். அதை விட்டுவிடாதீர்கள்.

சோடியம் ஏன் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறது என்பதையும் இதே கணக்கு சொல்லும். இரண்டாவது எலக்ட்ரான் உள்கூட்டில், அணுக்கருவுக்கு மிக அருகில் இருக்கிறது. அதைப் பிரிக்க 4,562 வேண்டும். சோடியம் டைகுளோரைடு என்று ஒரு படிகத்தைக் கற்பனை செய்தால், மக்னீசியம் குளோரைடைப் போல அதற்கும் சுமார் 2,500 படிகக்கூடு ஆற்றல் கிடைக்கலாம். செலவை ஈடுகட்ட அது எந்த மூலைக்கும் போதாது. மக்னீசியத்துக்கு நிலைமை வேறு. முதல் எலக்ட்ரானுக்கு 738, இரண்டாவதுக்கு 1,451. இரண்டும் வெளிக்கூட்டிலேயே இருக்கின்றன. அந்தக் கூடுதல் செலவைப் படிகம் திருப்பிக் கொடுத்து, மேலும் கொடுக்கிறது. ஒரே ஒரு எலக்ட்ரானை விட்டு மக்னீசியம் மோனோகுளோரைடு ஆனாலும் கணக்கில் சிறு லாபம் வரும். ஆனால் மக்னீசியம் உலோகமாகவும் மக்னீசியம் டைகுளோரைடாகவும் பிரிந்துவிட்டால் லாபம் பல மடங்கு. அதனால் மோனோகுளோரைடு திண்மமாக நிற்பதில்லை. நிலைப்பு என்பது எப்போதும் ஒப்பீடுதான்: எதைவிட நிலையானது என்று கேட்க வேண்டும்.

இதைவிட வலுவான சான்று ஆக்சைடு அயனி. ஆக்சிஜன் அணு முதல் எலக்ட்ரானை ஏற்கும்போது 141 வெளிவருகிறது. இரண்டாவதை ஏற்க வைக்க 700க்கும் மேல் செலவழிக்க வேண்டும், ஏனென்றால் ஏற்கெனவே எதிர்மின்சுமை உள்ள அயனிக்குள் இன்னோர் எதிர்மின்சுமையைத் திணிக்கிறோம். அந்த இரண்டாவது எலக்ட்ரான் வந்தால்தான் எட்டு நிறையும். ஆனால் வெற்றிடத்தில் தனியாக விட்டால், எட்டு நிறைந்த அந்த ஆக்சைடு அயனி ஓர் எலக்ட்ரானை உதறிவிட்டு ஏழுக்குத் திரும்பிவிடும். எட்டே நிலைப்பைத் தரும் என்றால் இப்படி நடக்கக் கூடாது. மக்னீசியம் ஆக்சைடுக்குள் அது நிலையாக இருப்பது சுற்றிலும் இருமடங்கு நேர்மின்சுமை கொண்ட மக்னீசியம் அயனிகள் பிடித்துக்கொண்டிருப்பதால். அந்தப் படிகக்கூடு ஆற்றல் ஏறத்தாழ 3,800. உப்பு 801 டிகிரி செல்சியஸில் உருகும்; மக்னீசியம் ஆக்சைடு 2,850 டிகிரியை எட்ட வேண்டும். எஃகு உலைகளின் உட்சுவர்ச் செங்கலில் அதை வைப்பது இதனால்தான்.

படிகத்தில் சோடியம் குளோரைடு என்ற மூலக்கூறே இல்லை என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சோடியத்துக்கும் சொந்தமாக ஒரு குளோரின் கிடையாது, ஆறும் சமம். பிராக் தந்தையும் மகனும் 1913இல் எக்ஸ் கதிர்களைக் கொண்டு உப்பின் இந்த அமைப்பைக் கண்டறிந்தார்கள். 1927இல்கூட, ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங் என்ற மூத்த ஆங்கிலேய வேதியியலாளர் நேச்சர் இதழுக்கு இதைக் கண்டித்துக் கடிதம் எழுதினார். சதுரங்கப் பலகை மாதிரி அணுக்களை அடுக்குவது பொது அறிவுக்கே ஒவ்வாது என்பது அவர் வாதம். அவ்வளவு பெரியவருக்கே ஏற்கக் கடினமாக இருந்த கருத்து இது. ஒரு சோடியம் பந்தும் ஒரு குளோரின் பந்தும் ஒட்டிக்கொண்டிருக்கும் படம் இன்னும் நம் மனத்திலிருந்து போகாததில் வியப்பில்லை.

சரி, பகிர்வுக்கு வருவோம். கார்பனிடம் வெளிக்கூட்டில் நான்கு எலக்ட்ரான்கள். நான்கையும் பிரிக்க என்ன ஆகும்? முதலாவதுக்கு 1,086, அப்புறம் 2,353, 4,620, கடைசிக்கு 6,223. மொத்தம் 14,000ஐத் தாண்டுகிறது. எந்தப் படிகமும் இதைத் திருப்பித் தராது. நான்கை வாங்கிக்கொள்ளலாம் என்றால், ஆக்சைடுக்கு வந்த சிக்கல் இங்கே இன்னும் மோசமாக வரும். எனவே கார்பனுக்குக் கைமாற்றம் கட்டுப்படியாகாது. வேறு வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அந்த வேறு வழி எப்படி வேலை செய்கிறது என்பதை ஹைட்ரஜனில் பார்ப்பதுதான் சுலபம். இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் ஒரே மாதிரியானவை. ஒன்றிடமிருந்து இன்னொன்று பிடுங்க எந்தக் காரணமும் இல்லை. ஆனாலும் இரண்டும் சேர்ந்தால் 436 வெளிவருகிறது, உப்பின் மொத்த லாபத்தைவிடவும் அதிகம். 1916இல் கில்பர்ட் லூயிஸ், இரண்டு அணுக்கள் ஒரு ஜோடி எலக்ட்ரானைப் பொதுவில் வைத்துக்கொள்கின்றன என்று சொன்னார். ஏன் அப்படிச் செய்தால் ஆற்றல் குறைகிறது என்று அன்றைக்கு யாராலும் விளக்க முடியவில்லை. குவாண்டம் இயக்கவியல் வந்தபின், 1927இல் ஹைட்லர், லண்டன் இருவரும் ஹைட்ரஜன் மூலக்கூறுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

அதில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, இரண்டு அணுக்கருக்களுக்கும் நடுவில் இருக்கும் எலக்ட்ரானை இரண்டுமே ஈர்க்கின்றன. இன்னொன்று, குறுகிய இடத்தில் அடைபட்ட எலக்ட்ரானின் இயக்க ஆற்றல் அதிகம். ஓர் அணுவைச் சுற்றி மட்டும் இருந்த எலக்ட்ரானுக்கு இரண்டு அணுக்களிலும் பரவ இடம் கிடைக்கும்போது அந்த நெருக்கடி தளர்கிறது. எதன் பங்கு முதன்மையானது என்று வேதியியலாளர்கள் நெடுங்காலம் விவாதித்திருக்கிறார்கள். உங்கள் நிலைக்கு, இரண்டும் உண்டு என்று தெரிந்தால் போதும். அணுக்கள் மிக நெருங்கினால் அணுக்கருக்கள் ஒன்றையொன்று விலக்கும். ஈர்ப்பும் விலக்கமும் சமன்படும் இடம் 74 பிகோமீட்டர். ஹைட்ரஜனின் பிணைப்பு நீளம் அதுதான்.

இங்கே ஜோடிகூடக் கட்டாயமில்லை. ஹைட்ரஜன் மூலக்கூறிலிருந்து ஓர் எலக்ட்ரானை எடுத்துவிட்டால் இரண்டு புரோட்டான்களுக்கு நடுவில் ஒரே ஒரு எலக்ட்ரான்தான் மிஞ்சும். அப்போதும் பிணைப்பு இருக்கிறது. 106 பிகோமீட்டர் நீளம், உடைக்கச் சுமார் 256 கிலோஜூல். மாறாக, ஹீலியம் அணுக்கள் இரண்டைச் சேர்த்தால் நான்கு எலக்ட்ரான்கள் வருகின்றன. இரண்டுக்குத்தான் ஆற்றலைக் குறைக்கும் பிணைப்பு ஆர்பிட்டாலில் இடம் உண்டு (ஆர்பிட்டால் என்பது எலக்ட்ரான் இருக்கக்கூடிய பகுதி). மற்ற இரண்டும் எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டாலுக்குப் போக வேண்டும். அங்கே ஏறும் ஆற்றல், முன்னால் குறைந்ததைவிடச் சற்று அதிகம். அதனால் ஹீலியம் தனியாகவே இருக்கிறது.

கார்பனும் இதையே நான்கு முறை செய்கிறது. மீத்தேனில் ஒவ்வொரு கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்புக்கும் சராசரியாக 416, மொத்தம் 1,660க்குச் சற்று மேல். ஓர் எலக்ட்ரானைக்கூட முழுதாக இழக்காமல் இவ்வளவு வரவு.

அப்படியானால் எட்டு என்ற எண் எங்கிருந்துதான் வந்தது? இரண்டாம், மூன்றாம் தொடர்களில் வெளிக்கூட்டில் ஒரு எஸ், மூன்று பி என நான்கு ஆர்பிட்டால்கள் பயன்படுகின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டு எலக்ட்ரான்கள் அடங்கும். அவை நிரம்பும்வரை எலக்ட்ரானைச் சேர்ப்பதிலோ பகிர்வதிலோ லாபம் இருக்கிறது. நிரம்பியபின் வரும் எலக்ட்ரான் அடுத்த கூட்டுக்கு, தொலைவுக்குப் போக வேண்டும். நிரம்பியதை உடைக்கப் போனால் 4,562 மாதிரியான விலை. இதனால்தான் கணக்குகள் அடிக்கடி எட்டில் முடிகின்றன. முடியாத இடங்களும் நிறைய. போரான் டிரைபுளூரைடில் போரானைச் சுற்றி ஆறுதான். நைட்ரிக் ஆக்சைடில் வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் மொத்தம் பதினொன்று, ஒற்றைப்படை. மூன்று எலக்ட்ரான்களை இழந்த இரும்பான ஃபெரிக் அயனியின் வெளிக்கூட்டில் பதின்மூன்று.

எட்டை நம்பாமல் ஆற்றலை நம்பியவருக்கு என்ன கிடைத்தது என்பதற்கு நீல் பார்ட்லெட் நல்ல உதாரணம். கனடாவில் வேலை பார்த்த அவர், பிளாட்டினம் ஹெக்சாபுளூரைடு ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்தே எலக்ட்ரானைப் பிடுங்கிவிடுவதைக் கண்டார். ஆக்சிஜன் மூலக்கூறின் அயனியாக்கும் ஆற்றலும் செனான் அணுவின் அயனியாக்கும் ஆற்றலும் ஏறக்குறைய ஒன்றுதான், இரண்டும் 1,170ஐ ஒட்டியவை. ஆக்சிஜனுக்கு நடந்தது செனானுக்கு நடக்காமல் போக என்ன காரணம் என்று 1962இல் செனானையும் பிளாட்டினம் ஹெக்சாபுளூரைடையும் கலந்து பார்த்தார். ஆரஞ்சும் மஞ்சளும் கலந்த நிறத்தில் ஒரு திண்மம் படிந்தது. மந்த வாயு வினைபுரியாது என்று அதுவரை எல்லாப் பாடநூல்களும் சொல்லி வந்தன.

இனி கொடுக்கல் வாங்கலா, பகிர்வா என்பதை எப்படி முடிவு செய்வது? இரண்டுக்கும் நடுவில் சுவர் எதுவும் இல்லை. ஹைட்ரஜன் குளோரைடைப் பாருங்கள். ஹைட்ரஜனின் எலக்ட்ரானை முழுதாகப் பிரிக்க 1,312 வேண்டும், சோடியத்தைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல். அது கட்டுப்படியாகாததால் பகிர்வு நடக்கிறது. ஆனால் குளோரின் அதிகமாக இழுப்பதால் ஜோடி அதன் பக்கம் சாய்ந்திருக்கிறது. இருமுனைத் திருப்புத்திறனை (மூலக்கூறின் இரு முனைகளிலும் மின்சுமை எவ்வளவு பிரிந்திருக்கிறது என்பதன் அளவு) அளந்து பார்த்தால், முழு மின்சுமையில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேல் மாறியிருப்பது தெரிகிறது. வாயு நிலையில் இருக்கும் தனி சோடியம் குளோரைடு மூலக்கூறில் இதே அளவீடு ஐந்தில் நான்கு பங்கு என்று சொல்கிறது. ஆக அங்கேயும் நூற்றுக்கு நூறு கைமாறவில்லை.

எலக்ட்ரான் கவர்தன்மை (பிணைப்பில் இருக்கும் எலக்ட்ரானை ஓர் அணு எவ்வளவு இழுக்கிறது என்பது) வித்தியாசம் 1.7ஐத் தாண்டினால் அயனி, குறைந்தால் சகப்பிணைப்பு, அதாவது பகிர்வு, என்று ஒரு குறுக்குவழி சொல்லித் தருவார்கள். பவுலிங் அளவுகோலில் ஹைட்ரஜனுக்கும் ஃபுளூரினுக்கும் வித்தியாசம் 1.78, ஆனால் ஹைட்ரஜன் புளூரைடு சுமார் 20 டிகிரியிலேயே கொதித்துவிடும் மூலக்கூறுச் சேர்மம். சோடியத்துக்கும் ஹைட்ரஜனுக்கும் 1.27தான், சோடியம் ஹைட்ரைடோ அசல் அயனிப் படிகம். போரானுக்கும் ஃபுளூரினுக்கும் 1.94, போரான் டிரைபுளூரைடோ மைனஸ் 100 டிகிரியில் கொதிக்கும் வாயு. 1.7ஐ முதல் ஊகத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வேதியியலாளர் ஃபஜான்ஸ் சொன்னதையும் கூடவே பாருங்கள்: சிறிய, மின்சுமை கூடிய நேர் அயனி, பெரிய எதிர் அயனியின் எலக்ட்ரான் மேகத்தைத் தன் பக்கம் இழுத்துச் சிதைக்கும். சிறிய ஃபுளூரைடு அதற்கு இணங்காது; பெரிய குளோரைடு இணங்கும். அலுமினியம் புளூரைடு ஆயிரம் டிகிரிக்கும் மேல் தாங்குகிறது, அலுமினியம் குளோரைடு 180 டிகிரியில் பதங்கமாகிறது என்றால், காரணம் அங்கே இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. "சகப்பிணைப்புச் சேர்மங்கள் குறைந்த வெப்பநிலையில் கொதிக்கும், ஆகவே சகப்பிணைப்பு பலவீனமானது" என்று எழுதிவிடாதீர்கள். தண்ணீர் கொதிக்கும்போது எந்த ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பும் உடைவதில்லை. மூலக்கூறுகளைத் தள்ளிவைக்க 41 போதும். ஒரு மூலக்கூறின் இரண்டு பிணைப்புகளையும் உடைக்க 927 வேண்டும். குவார்ட்ஸ் மாதிரி படிகம் முழுக்கச் சகப்பிணைப்பே ஓடினால் உருகுவதற்கு 1,700 டிகிரியை ஒட்டிப் போக வேண்டியிருக்கும். அதேபோல, பிணைப்பை உடைத்தால் ஆற்றல் வெளிவரும் என்ற எண்ணம் உயிரியல் வகுப்பிலிருந்து வந்து ஒட்டிக்கொள்ளும். உடைக்க எப்போதும் செலவுதான். ஹைட்ரஜன் எரியும்போது அதன் பிணைப்பை உடைக்க 436, அரை மோல் ஆக்சிஜனை உடைக்க 249, மொத்தம் 685. புதிய நீர் மூலக்கூறு அமைவதில் 927 வருகிறது. மிச்சம் 242 தான் வெப்பமாக நமக்குக் கிடைப்பது.

கடைசியாக, உப்பு கரைவது. 787 செலவழித்து உடைக்க வேண்டிய படிகத்தைத் தண்ணீர் எப்படிப் பிரிக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். நீர் மூலக்கூறில் ஆக்சிஜன் பக்கம் சற்று எதிர்மின்சுமை, ஹைட்ரஜன் பக்கம் சற்று நேர்மின்சுமை. பிரிந்துவரும் ஒவ்வொரு சோடியம் அயனியையும் பல நீர் மூலக்கூறுகள் ஆக்சிஜன் பக்கத்தைக் காட்டிச் சூழ்ந்துகொள்கின்றன. குளோரைடை ஹைட்ரஜன் பக்கத்தைக் காட்டிச் சூழ்ந்துகொள்கின்றன. இப்படி இரண்டு அயனிகளும் நீரேற்றம் அடைவதில் திரும்பக் கிடைப்பது ஏறத்தாழ 783. பற்றாக்குறை நான்கு கிலோஜூல்தான். அந்தச் சிறு தொகையைத் தண்ணீரின் வெப்பத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது. நிறைய உப்பைக் கரைத்தால் தண்ணீர் லேசாகக் குளிர்வது அதனால்தான். ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்த அயனிகள் கரைசலெங்கும் சிதறும்போது கூடும் என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு) மீதியைச் சரிக்கட்டிவிடுகிறது. அதனால் அறை வெப்பநிலையில் 100 மில்லிலிட்டர் தண்ணீரில் 36 கிராம் வரை உப்பு கரைகிறது. மக்னீசியம் ஆக்சைடில் அந்த 3,800ஐ நீரேற்றத்தால் ஈடுகட்ட முடியாது. அது தண்ணீரில் கரையாமல் அடியில் தங்கிவிடும்.